ஜாக்கெட் என்றால் சிரிப்பானேன்?

ஆங்கிலச் சொற்கள் நம் வீடுகளுக்குள் வந்து குடியேறிய வரலாற்றை யாரேனும் எழுதப் புகுந்தால், துணிமணிகளுக்கென்று ஒரு பெரிய அத்தியாயமே ஒதுக்க வேண்டியிருக்கும். கோட்டு, பேண்ட், சாக்ஸ், சிம்மீஸ், நைட்டி என்று எத்தனையோ சொற்கள் நம் கொடிக்கயிற்றில் தொங்குகின்றன. அவற்றுள் நம் பெண்களின் வாழ்வோடு மிக நெருங்கிப் பழகியதும், அதே வேளையில் இன்று மிகுந்த ஏளனத்துக்கு உள்ளாவதும் ஒரே சொல்தான். அது 'ஜாக்கெட்'. அந்த எளிய சொல்லின் சார்பில் வழக்காடவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஜாக்கெட் என்றால் என்னவென்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆகட்டும், சுங்குவார்சத்திரம் ஆகட்டும், ஒரகடம் கூட்டுரோடு ஆகட்டும், தெருவுக்கொரு தையற்கடை உண்டு. புதுச் சேலையின் ஓரத்தில் சேர்ந்தே வருவது ஜாக்கெட் துணி. வீட்டுக்கு வந்த பெண்களுக்கு வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுப்பது ஜாக்கெட் பிட். உள்ளே இன்னொரு துணி கொடுத்துத் தைத்தால் அது லைனிங் ஜாக்கெட். டெய்லரிடம் தைக்கக் கொடுக்கும்போது, நன்றாகப் பொருந்துகிற பழையது ஒன்றையும் உடன் கொடுத்தனுப்புகிறோமே, அதற்கு 'அளவு ஜாக்கெட்' என்று பெயர். அளவு ஜாக்கெட் என்பதற்கு நேரான ஒரே சொல்லை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள் தோழியரே! கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இப்படி ஊரெல்லாம் வழங்கும் சொல், ஆங்கில வழியில் பயிலும் நம்மைப் போன்ற மாணவிகளிடையே மட்டும் தாழ்ந்த சொல்லாகிவிட்டது. 'ஜாக்கெட்' என்பவர் படிக்காதவர்; 'ப்ளவுஸ்' என்பவர் படித்தவர். இதை எந்த ஆசிரியையும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. யாரும் கற்பிக்காமலே நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் இது.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெற்றோர் கூட்டத்தன்று, ஒரு மாணவியின் தாயார் இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்கும் போகாமல் நேரே கூட்டத்துக்கு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் நின்று மகளிடம், "டெய்லராண்ட ஜாக்கெட்டு குடுத்து வச்சிருக்கேன், போற வழியில வாங்கிக்கினு போயிடலாம் வா" என்றார். அருகில் நின்ற மாணவிகளுள் ஒருத்தி, "ஜாக்கெட்டா? ஊட்டிக்கா போறீங்க ஆன்ட்டி?" என்றாள். மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த அம்மாவும் ஏதோ வேடிக்கை என்று எண்ணிச் சேர்ந்து சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் தாண்டும்போது, "ப்ளவுஸ்னு சொல்லும்மா" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை. ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை என்று சொல்லியனுப்பினாராம். ஷிஃப்டாகவும் இருக்கலாம்.

நிற்க. சிரித்தவர்களிடம் கேட்டால் ஒரு நியாயம் சொல்வார்கள். "ஆங்கிலத்தில் ஜாக்கெட் என்றால் குளிருக்கு மேலே போடும் கோட்டு. உள்ளே போடுவதை ஜாக்கெட் என்பது பிழைதானே?" என்பார்கள். அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதற்காகச் சில நாட்கள் அகராதிகளையும் வரலாற்றுப் புத்தகங்களையும் புரட்டினேன். கண்டவற்றுள் சில எனக்கே வியப்பாயிருந்தன.

ஜாக்கெட் ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே அன்று. அவர்கள் அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 15ஆம் நூற்றாண்டில் கடன் வாங்கினார்கள். பிரெஞ்சு மொழியில் 'ழாக்' என்பது ஒருவகைக் குட்டைச் சட்டை. அதனினும் சிறியது 'ழாக்கே'. சட்டைக்கு ஏன் ழாக் என்று பெயர் வந்தது? ழாக் என்பது ஓர் ஆளின் பெயர். நம் நாட்டில் குப்பன், சுப்பன் என்று பொதுப்படச் சொல்வதுபோல, பிரான்சு நாட்டுப் பிரபுக்கள் குடியானவன் எவனாயினும் அவனை ழாக் என்றே அலட்சியமாக அழைத்தார்கள். 1358ஆம் ஆண்டில் பாரிசு நகருக்கு வடக்கே குடியானவர்கள் பிரபுக்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, அந்தக் கிளர்ச்சிக்கே 'ழாக்கெரி' என்று பெயராயிற்று. அந்த ழாக்குகள் உடுத்திய குட்டைச் சட்டைதான் ஜாக்கெட்டின் பாட்டன். அராபியச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். ஆயினும் குடியானவன் பெயரிலிருந்து வந்ததென்பதே அகராதிகள் பெரிதும் ஏற்கும் கருத்து.

ழாக் என்னும் பெயர்தான் எங்கிருந்து வந்தது? அது யாக்கோபு என்பதன் பிரெஞ்சு வடிவம். லத்தீனில் யாக்கோபுஸ், ஆங்கிலத்தில் ஜேம்ஸ், போர்த்துகீசியருக்குச் சந்தியாகோ, அவர்கள் வாயிலிருந்து கேட்ட நம் முன்னோருக்குச் சந்தியாகப்பர்! கலிலேயாக் கடற்கரையில் தந்தை செபதேயுவோடு படகிலிருந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த அந்த மீனவரின் பெயர், பல நாடுகள் சுற்றி, நம் ஊர்த் தையற்கடைப் பலகையில் வந்து நிற்கிறது. சந்தியாகப்பர் ஆலயத் திருவிழாவுக்குப் போய் வந்த தோழியர் இதைக் கேட்டு மகிழ்வார்கள் என்று நம்புகிறேன்.

நம் வட்டாரத்துக்குப் பொருத்தமான இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கே வீட்டுக்கு ஒருவராவது ஏதேனும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். எஞ்சின் வேலை தெரிந்த அப்பாவோ அண்ணனோ உங்கள் வீட்டில் இருந்தால், 'வாட்டர் ஜாக்கெட்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும் சிலிண்டரைச் சுற்றிலும் தண்ணீர் ஓடுவதற்கென்று வார்ப்பிலேயே இடம் விட்டிருப்பார்கள். அந்தத் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஆற்றிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர்ப் போர்வைக்குத்தான் ஜாக்கெட் என்று பெயர். தோலோடு வெந்த உருளைக்கிழங்குக்கும் ஆங்கிலத்தில் ஜாக்கெட் உண்டு. புத்தகத்தின் மேலுறைக்கும் ஜாக்கெட் என்று பெயர். ஆக, எதையாவது சுற்றிக் காப்பது எதுவோ அதுவே ஜாக்கெட். உருளைக்கிழங்கின் தோல் ஜாக்கெட் ஆகலாம், ஒரு தாயின் ரவிக்கை ஆகக் கூடாதோ?

சாலையோரப் பஞ்சர் கடையில் லாரியைத் தூக்கி நிறுத்துகிற 'ஜாக்கி'யும் இந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவுதான். ஆங்கிலத்தில் ஜாக் என்பது ஜான் என்னும் பெயரின் செல்லப்பெயர். அங்கேயும் கூலியாள் எவனாயினும் அவன் ஜாக். ஓர் ஆள் செய்யும் வேலையைச் செய்கிற கருவிகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். உழைப்பவன் பெயரைத் துணிக்கும் கருவிக்கும் வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்போலும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரவிக்கையை ஜாக்கெட் என்றது நம் தாய்மார்கள் அறியாமல் செய்த பிழையா? அன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களே, அதுவும் அரசாங்க ஆணையிலேயே, அப்படித்தான் எழுதினார்கள். அந்த ஆணை பிறந்த கதை நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்தது. அது தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1ஆம் நாள்தான். அந்த நாட்டில் நாடார் குலப் பெண்களும், அவர்களினும் தாழ்ந்தவரென்று சொல்லப்பட்ட குலங்களின் பெண்களும் இடுப்புக்கு மேல் ஆடை உடுத்தக் கூடாதென்று வழக்கம் இருந்தது. வெயிலுக்கோ குளிருக்கோ அன்று, மேற்குலத்தார்முன் பணிவு காட்டுவதற்காக! நம் வயதொத்த பெண்கள் சந்தைக்கும் கிணற்றுக்கும் அப்படித்தான் செல்ல வேண்டியிருந்தது. இதை எழுதும்போதே என் கை கூசுகிறது.

லண்டன் மிஷன் என்னும் சீர்திருத்த சபையைச் சேர்ந்த குருமார்கள் நாகர்கோவில் பகுதிக்கு வந்தபோது, அவர்களின் மனைவியர் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் கற்பித்தார்கள். கிறிஸ்தவ மறையைத் தழுவிய பெண்களுக்கென்று தளர்வான சிறிய மேற்சட்டை ஒன்றைத் தைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்நாட்டுப் பேச்சில் அது குப்பாயம்; ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு ஜாக்கெட். 1811 முதல் 1814 வரை அங்கே திவானாயிருந்த கர்னல் ஜான் மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் அணியலாமென்று இசைவளித்தார். ஆனால் இசைவு காகிதத்தில் இருந்ததே தவிரத் தெருவில் இல்லை. ஜாக்கெட் அணிந்தும் அதற்குமேல் தோள்சீலை போட்டும் சென்ற பெண்களைச் சந்தையிலே மறித்து, ஆடையைக் கிழித்தார்கள். ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. 1829இல் வந்த அரச ஆணை, குப்பாயத்தை விட்டுவைத்து, தோள்சீலையைத் தடுத்தது. 1858இலும் அதற்கடுத்த ஆண்டிலும் கலகம் மறுபடியும் மூண்டது. சென்னை ஆளுநராயிருந்த சார்லஸ் டிரெவெல்யன் வற்புறுத்திய பின்னர், உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவப் பெண்களைப் போல மற்ற நாடார் பெண்களும் ஜாக்கெட் அணியலாம். அல்லது மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். மேற்குலப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அதன் ஆங்கில வடிவத்தில் நிற்கும் சொல் ப்ளவுஸ் அன்று, ஜாக்கெட்டேதான்.

ஜூலை 25 சந்தியாகப்பர் திருநாள். மறுநாள் 26, அன்னை மரியாளைப் பெற்ற புனித அன்னம்மாள் திருநாள். தற்செயல்தான் என்று எனக்குத் தெரியும். எனினும் அந்தத் தேதியைப் படித்தபோது ஒரு கணம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இந்த ஆணையும் அரைகுறை ஆணைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. முரட்டுத் துணி போதும், உயர்ந்தவர்போல் உடுத்தாதே என்பதில் பழைய நஞ்சு அப்படியே இருக்கிறது. நாடார்களுக்கும் கீழே தள்ளப்பட்டிருந்தவர்கள் இன்னும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1915இல் கொல்லத்துக்கு அருகிலுள்ள பெரிநாட்டில், அய்யன்காளியின் சொல்லைக் கேட்டுப் புலையர் குலப் பெண்கள் அடிமைச் சின்னமான கல்மாலைகளைக் கழற்றியெறிந்து மேலாடை உடுத்தினார்கள். அதற்கும் கலகம் நடந்தது. ஒரு முழத் துணிக்கு நூறாண்டுச் சண்டை! இத்தனை அடிகளும் வாங்கிப் பெற்ற உடையின் பெயரைச் சொல்லும்போது, நாம் சிரிக்கிறோம்.

சரி, நாகரிகச் சொல்லென்று நாம் தலையில் தூக்கி வைத்திருக்கும் ப்ளவுஸின் பிறப்பு என்ன? அதுவும் பிரெஞ்சுச் சொல்லே. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு வண்டிக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் உடை அழுக்காகாமலிருக்க மேலே மாட்டிக்கொண்ட தொளதொளப்பான நீளச் சட்டைக்குத்தான் ப்ளவுஸ் என்று பெயர். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். ப்ளவுஸ் அணிந்தவன் என்றால் உழைப்பாளி என்று பொருள். ஆங்கிலேயர்கள் அச்சொல்லை முதலில் எழுதியபோதும் அந்தத் தொழிலாளியின் உடையையே குறித்தார்கள். பெண்களின் மேற்சட்டைக்கு அப்பெயர் வந்தது பிற்பாடுதான். ஆகவே தோழியரே, ஜாக்கெட் ஒரு குடியானவனின் சட்டை, ப்ளவுஸ் ஒரு கூலியாளின் சட்டை. இரண்டில் எது உயர்ந்த குலம் என்று நீங்களே சொல்லுங்கள்!

பிரெஞ்சு மொழியில் இன்றைக்கும் ப்ளவுஸ் என்றால், மருத்துவரும் ஆய்வுக்கூடத்தாரும் வேலைநேரத்தில் உடைக்கு மேலே போட்டுக்கொள்ளும் கோட்டுதான். நாம் ப்ளவுஸ் என்பதற்கு அவர்கள் மொழியில் 'ஷெமிசியே' என்று ஒரு சொல் இருக்கிறது. அது 'ஷெமீஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த ஷெமீஸ்தான் ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சிம்மீஸ் ஆனது. சுடிதாரின் அக்கா முறையான கமீஸும் அதற்கு உறவே. இதை என் பக்கத்து இருக்கைத் தோழியிடம் சொன்னபோது, "அப்படியானால் நம்மிடம் சொந்தப் பெயருள்ள துணியே கிடையாதா?" என்று சலித்துக்கொண்டாள். உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், நப்பூதனார் பாசறையிலிருக்கும் யவனர்களின் சட்டையை 'மெய்ப்பை' என்கிறார். மெய் புகுகின்ற பை. எவ்வளவு நேரான பெயர்! ஆனால் டெய்லரிடம் போய் மெய்ப்பை தைத்துத் தாருங்கள் என்றால், அவர் தையற்கூலியைக் கூட்டிவிடுவார். ரவிக்கையும் தெலுங்கில் ரவிக என்று வழங்குவதே.

இப்போது நம் வட்டாரத்துக்குத் திரும்புவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்தின் முகமே மாறிப்போயிற்று. 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் பிரெஞ்சு நிறுவனமான செயிண்ட் கோபேனின் கண்ணாடி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ, நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. செல்போன் செய்யும் ஆலைகள் வந்த பிறகு, ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே.

அவர்கள் உள்ளே போனதும் சேலைக்கோ சுடிதாருக்கோ மேலே கோட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஓடுகிற எந்திரத்தின் அருகே முந்தானையோ துப்பட்டாவோ பறந்தால் ஆபத்து. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் இன்னொரு காரணமும் உண்டு. நைலக்ஸ், பாலியஸ்டர் துணிகள் உடலோடு உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகும். இருட்டில் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி தெறிக்குமே, அதுதான். நமக்கு அது வேடிக்கை. கடுகினும் சிறிய மின்னணுப் பாகத்துக்கு அது இடி. ஆகையால் அந்தக் கோட்டுத் துணியில் மின்சாரம் கடத்தும் கரியிழைகளைக் கட்டம் கட்டமாக நெய்திருப்பார்கள். உடையில் சேரும் மின்சாரம் அந்த இழை வழியாகவே வடிந்து போய்விடும். தலைக்குத் தொப்பி, காலுக்குத் தனிச் செருப்பு. எட்டு மணி நேரம் இப்படி நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்தான், ஷிஃப்ட் முடிந்து நம் பள்ளித் தாழ்வாரத்தில் வந்து நின்றார்.

வேடிக்கையைக் கேளுங்கள். அந்தத் தாய் மேலே போட்டிருந்த கோட்டை ஒரு பிரெஞ்சுக்காரர் பார்த்தால் ப்ளவுஸ் என்பார். ஆங்கிலேயர் பார்த்தால் ஜாக்கெட் என்றாலும் என்பார். உள்ளே அணிந்திருந்ததை 1859ஆம் ஆண்டு ஆணை எழுதியவர் பார்த்தால் ஜாக்கெட் என்றுதான் எழுதியிருப்பார். மேலே ப்ளவுஸ், உள்ளே ஜாக்கெட்! அவர் சொன்னது எந்தக் கணக்கில் பிழை?

பொருள் மாறிப் போவது பிழையென்றால், முதலில் ஆங்கிலேயரைப் பார்த்தல்லவா சிரிக்க வேண்டும்? நம் நாட்டில் ஆண்களும் பெண்களும் பட்டப்பகலில் உடுத்தி நடமாடிய பைஜாமாவை அவர்கள் கொண்டுபோய் இரவு உடையாக்கிப் படுக்கையறையில் வைத்துவிட்டார்கள். பம்பாயின் டோங்ரிப் பக்கத்து முரட்டுத் துணியின் பெயர் அவர்கள் நாட்டில் டங்கரி என்னும் உடுப்பாகிவிட்டது. அவர்களை யாரும் படிக்காதவர்கள் என்று சொல்லவில்லை. பதிலுக்கு அவர்களுடைய இரவு உடையாகிய நைட்டியை வாங்கி, பகல் பத்து மணிக்கு அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கீரை வாங்கப் போகிறோம். கணக்கு நேராகிவிட்டது என்றே நான் கொள்கிறேன்.

சில பெற்றோர் இதைப் படித்துவிட்டுக் கவலைப்படக் கூடும். நாளை வேலைக்கான நேர்முகத் தேர்வில் பெண் ஜாக்கெட் என்று உளறினால் என்ன ஆவது என்று அவர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கவலை வேண்டாம். ஆங்கிலம் பேசுகையில் ஆங்கிலேயர் இன்று வழங்கும் பொருளில்தான் பேச வேண்டும். ப்ளவுஸ் வேறு, ஜாக்கெட் வேறு என்று அங்கே தெரிந்திருக்கத்தான் வேண்டும். அதற்காகத்தானே இப்பள்ளியில் சேர்த்தீர்கள்? ஆனால் அந்த அம்மா பேசியது ஆங்கிலம் அன்று, தமிழ். மேசை, சன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. சாவியை 'ஷாவெ' என்று சொல்லவில்லையே என்று எந்தப் போர்த்துகீசியரும் நம்மைத் திருத்த வரவில்லை. அவை தமிழாகிவிட்டன. அவ்வாறே ஜாக்கெட்டும் நம் தமிழில் ஒரு சொல். அதன் பொருளைத் தீர்மானிக்கும் உரிமை அதைத் தைப்பவர்களுக்கும் உடுத்துபவர்களுக்கும் உண்டு. அகராதியின் முதல் வரியை மட்டும் படித்தவர்களுக்கு இல்லை.

இரண்டு மொழி தெரிந்தவர் ஒரு மொழி தெரிந்தவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அந்த இரண்டாவது மொழிக்கு ஃபீஸ் கட்டுவது யார் என்று சிரிக்கும்போது நினைவு வருவதில்லை. அந்த மாணவியின் பல்லைக் கடித்த குரல்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. சுற்றி நின்று ஐந்து பேர் சிரித்தால், தாயை விட்டுக் கொடுக்காமல் நிற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். பதினைந்து வயதில் அது எல்லோருக்கும் இருந்துவிடாது. ஆகவே நான் கேட்பதெல்லாம் அந்த ஐந்து பேரிடம்தான்.

எங்கள் அன்புக்குரிய சிஸ்டர்களிடமும் ஒரு சிறு விண்ணப்பம் உண்டு. ஆண்டு விழா நடனத்துக்கு இன்ன நிறத்தில் இன்ன உடை வேண்டுமென்று வீட்டுக்கு அனுப்பும் சுற்றறிக்கை முழுவதும் ஆங்கிலத்திலேயே வருகிறது. பல வீடுகளில் அதைப் பிள்ளைகளே படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போதே அம்மாவுக்குத் தெரியாது என்கிற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதன் பின்பக்கத்தில் தமிழிலும் அச்சிட்டால் நலம். எழுதித் தர எங்கள் வகுப்பில் மூன்று பேர் ஆயத்தமாக இருக்கிறோம். பச்சைத் தாவணி, மஞ்சள் பாவாடை, வெள்ளை ஜாக்கெட், அளவு ஜாக்கெட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும் என்று எழுதுவோம்.